பேத்தியின் ரோபோ அணியும் நம் பி பிளாக் அறையும்

(நம் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த குடியிருப்போர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



ரோபோ பற்றிப் பேச நான் யார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். நான் பி.காம். படித்தவன். 37 வருடம் வங்கியில் எழுத்தர் வேலை. இந்தக் கூடத்திலேயே குறைந்தது ஐந்து எஞ்சினியர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு மாணவர் ரோபோ அணியின் முதல் வருடத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே இருந்து பார்த்தவர் இங்கே வேறு யாரும் இல்லை என்று செயலாளர் சொன்னார். அதனால் ஒப்புக்கொண்டேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். பி பிளாக் தரைத்தளத்தில் பழைய ஜெனரேட்டர் இருந்த அறை இரண்டு வருடமாகக் காலியாக இருக்கிறது. காலி என்றால் உடைந்த நாற்காலிகளும் யாருடையது என்று தெரியாத ஒரு சைக்கிளும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் 11 பேர் கையெழுத்துப் போட்டு அந்த அறையை ரோபோ செய்யக் கேட்டிருக்கிறார்கள். சங்கத்திலிருந்து 60,000 ரூபாயும் கேட்டிருக்கிறார்கள். வருகிற பொதுக்குழுவில் அது முடிவாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இதற்கு வந்த பதில்களைப் படித்தேன். 'பத்தாம் வகுப்பில் மார்க் போய்விடும்', 'இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார்கள்', 'கப் வாங்குவார்களா?' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீங்கள் முடிவு செய்யுங்கள்.

2023 செப்டம்பரில் மகள் வீட்டுக்கு, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் எடிசன் ஊருக்குப் போனேன். விசா ஆறு மாதம். மின்விளக்குப் புகழ் தாமஸ் ஆல்வா எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இருந்த இடம் என்பதால்தான் அந்த ஊருக்கு அந்தப் பெயர். போன முதல் வாரமே பேத்தி ஒரு புது ரோபோ அணியில் சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அணியில் மொத்தம் எட்டுப் பேர். கூடும் இடம் மகள் வீட்டு கார் ஷெட். காரை வெளியே நிறுத்திவிட்டார்கள். பனி பெய்யும்போது என் மாப்பிள்ளை காலையில் காரின் மேல் பனியைச் சுரண்டிக்கொண்டே அந்த அணியைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது.

போட்டியின் பெயர் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச். டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு நடத்துகிறது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்கு. ஓர் அணியில் அதிகபட்சம் 15 பேர். ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் புதிதாக ஒரு விளையாட்டை அறிவிப்பார்கள். அதற்குத் தக்கபடி பிள்ளைகளே ரோபோவை வடிவமைத்து, செய்து, நிரல் எழுதி, ஓட்ட வேண்டும். தொடங்கும்போது ரோபோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 18 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். மைதானம் 12 அடிக்கு 12 அடி. நம் படுக்கையறை அளவு. அதில் ஒரே நேரத்தில் நான்கு ரோபோக்கள். இரண்டு அணிகள் ஒரு பக்கம், இரண்டு அணிகள் எதிர்ப்பக்கம். முதல் 30 வினாடி ரோபோ தானாகவே ஓட வேண்டும். யாரும் தொடக் கூடாது. அடுத்த இரண்டு நிமிடம் பிள்ளைகள் கையில் கன்ட்ரோலர் வைத்து ஓட்டலாம். இரண்டரை நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். அந்த இரண்டரை நிமிடத்துக்காகத்தான் ஆறு மாதம்.

அந்த வருட விளையாட்டுக்கு சென்டர்ஸ்டேஜ் என்று பெயர். பிக்சல் என்று அறுகோண வடிவில் உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வில்லைகள் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு போய் ஒரு சாய்வான பலகையில் அடுக்க வேண்டும். கடைசி 30 வினாடியில் ஒரு காகித விமானத்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிடலாம். ஒரு கம்பியைப் பிடித்து ரோபோ தரையை விட்டு மேலே தொங்கலாம்.

புது அணி என்ன செய்யும்? எல்லாவற்றையும் செய்ய ஆசைப்படும். எட்டுப் பேரும் எட்டு யோசனை சொன்னார்கள். கை வேண்டும், கை நுனியில் இடுக்கி வேண்டும், பக்கவாட்டில் ஓடும் சக்கரம் வேண்டும், விமானம் ஏவ வேண்டும், தொங்கவும் வேண்டும். அக்டோபர் முழுக்க இந்தப் படம் வரைவதிலேயே போனது. அக்டோபர் கடைசியில் உண்மையில் ஓடியது நான்கு சக்கரம் மட்டும்.

இந்த இடத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. முதல் 30 வினாடி ரோபோ தானாக ஓட வேண்டும் என்றேன் அல்லவா, அதற்கு நிரல் எழுதியது ஒரு பையன். எட்டாம் வகுப்பு, அணியிலேயே சின்னவன். இத்தனை வினாடி முன்னால் போ, இத்தனை வினாடி திரும்பு என்று எழுதியிருந்தான். சனிக்கிழமை ஓட்டினால் கோட்டில் வந்து கச்சிதமாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அரை அடி முன்னாலேயே நின்றுவிடும். அவன் எண்களை மாற்றுவான், சரியாகும். அடுத்த வாரம் அரை அடி தாண்டிப் போய்ச் சுவரில் இடிக்கும். 'உன் கோடு சரியில்லை' என்று ஒருத்தி சொன்னாள். அடுத்த வாரம் மூன்று பேர் சொன்னார்கள். சத்தம் போட்டுக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். நவம்பர் முதல் வாரத்தில் அந்தப் பையன் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. அவன் அம்மா ஃபோன் செய்து அவனுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் மூலையில் ஒரு மடக்கு நாற்காலியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எஞ்சினியரிங் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கணக்கு டாலி ஆகவில்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். நாள் முடிவில் பற்று ஒரு தொகை, வரவு ஒரு தொகை வந்து நிற்கும். வித்தியாசம் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எழுதினது என்று யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. அந்த 90 எப்படிப்பட்ட 90 என்றுதான் பார்ப்போம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று யாரோ எழுதியிருப்பார்கள். இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகையைத் தேடுவோம், ஏதாவது பற்று வரவுப் பக்கம் போயிருக்கும். இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வவுச்சர் இல்லாத இடத்தில் எந்தப் புத்திசாலியாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அங்கே எதுவுமே எழுதப்படவில்லை. ரோபோ போனது, நின்றது, கத்தினார்கள், எண்ணை மாற்றினார்கள். பேத்தியிடம் கோடு போட்ட ஒரு நீள நோட்டு வாங்கி வரச் சொன்னேன். முதல் பக்கத்தில் ஆறு கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், எந்த பேட்டரி, ஓட்டுவதற்கு முன் எத்தனை வோல்ட், எத்தனை வினாடி, எங்கே நின்றது. பேட்டரிக் கட்டம் என் யோசனை இல்லை. மாற்ற முடிகிற பொருள் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். அணியில் அதிகம் பேசாத ஒரு பெண் இருந்தாள், அவள்தான் 'அப்படியானால் பேட்டரியும் மாறுகிறதே' என்றாள். நோட்டை அவளே எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் 60 வரிகளுக்கு மேல் சேர்ந்தன. ஒரு சனிக்கிழமை அவள் அந்த வரிகளை வோல்ட் வரிசையில் திருப்பி எழுதிப் பார்த்தாள். வெளிச்சமாகத் தெரிந்தது. பெயருக்கு அது 12 வோல்ட் பேட்டரி. முழுதாக ஏற்றினால் 13-க்கு மேல் காட்டும், பத்து முறை ஓட்டினால் 12-க்குக் கீழே இறங்கிவிடும். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். அதே இரண்டு வினாடியில் ரோபோ குறைந்த தூரம்தான் போகும். சனிக்கிழமை புது சார்ஜ், ஞாயிற்றுக்கிழமை மிச்ச சார்ஜ். கோடு எழுதிய பையன் மாற்றி மாற்றித் திருத்தியதெல்லாம் பேட்டரிக்கு ஏற்ற திருத்தம்தான்.

பிறகு அணிக்கு உதவிய ஒரு ஆசிரியரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். முதல் வருட அணிகள் பாதிக்கு மேல் இதில் மாட்டும் என்றார். அந்த மோட்டாருக்குள்ளேயே சுற்றை எண்ணும் என்கோடர் என்ற பொருள் இருக்கிறது. அதன் கம்பியை இணைத்துவிட்டால் இத்தனை வினாடி போ என்பதற்குப் பதில் இத்தனை சுற்று போ என்று எழுதலாம். பேட்டரி எப்படி இருந்தாலும் தூரம் பெரிதாக மாறாது. அந்தக் கம்பிகள் பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் அலமாரியில் இருந்தன.

நோட்டு எழுதிய பெண் அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துப் பையனுக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி மட்டும் எழுதினாள்: 'உன் கோடு இல்லை, பேட்டரி.' அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஒருத்தி சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினாள். அவன் திரும்பக் கோடு எழுதச் சம்மதிக்கவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பேட்டரிக்கு நான் பொறுப்பு என்றான். ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் எழுதி, எது எப்போது ஏறியது, எது எப்போது இறங்கியது என்று தனியாகக் கணக்கு வைத்தான். பிப்ரவரி வரை அவன்தான் பேட்டரி. கோடை என் பேத்தி எழுதினாள். அந்த நான்கு வாரத்தில் அவனுக்குள் ஏதோ ஒன்று போய்விட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது திரும்ப வருமா என்று அந்த நோட்டில் தேடி எடுக்க முடியாது.

டிசம்பரில் முதல் போட்டி. அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. எஞ்சினியர்கள் கோபப்படக் கூடாது, கதை அப்படித்தான்.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு வரை பிக்சலை மேலே தூக்கும் அமைப்பு சரியாக வரவில்லை. பிள்ளைகள் செய்தது கோணலாக நின்றது. அணியில் ஒரு பெண்ணின் அப்பா இயந்திரப் பொறியாளர், நல்ல மனிதர், பிள்ளைகளுக்குப் பீட்சா வாங்கித் தருபவர். அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ராத்திரி உட்கார்ந்து அலுமினியத்தில் அழகான ஒரு தூக்கியைச் செய்து கொண்டுவந்து மாட்டிவிட்டார். ஒன்றுக்குள் ஒன்று நழுவி மேலே போகும் தண்டுகள், கப்பிகள், உறுதியான நூல். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

போட்டியில் இரண்டாவது ஆட்டத்தில் நூல் கப்பியிலிருந்து கழன்றது. எந்தக் கப்பியில் மேலிருந்து வருகிறது, எதில் கீழிருந்து வருகிறது என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பார்வையாளர் வரிசையில் இருந்தார். ஓடிவந்து மாட்டுவதற்குள் ஓர் ஆட்டம் போனது. மறுபடி கழன்றது, இன்னொன்று போனது. ஆனால் அதைவிடப் பெரிய அடி நடுவர்கள் அறையில் விழுந்தது. அந்தப் போட்டியில் ஆட்டம் மட்டும் இல்லை. அணி செய்ததைப் பற்றி 15 பக்கத்துக்கு ஒரு தொகுப்பு கொடுக்க வேண்டும். நடுவர்கள் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும், பிறகு கேள்விகள். பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது. நடுவர் அந்தத் தூக்கியைக் காட்டி, ஏன் இத்தனை அடுக்கு வைத்தீர்கள் என்று கேட்டாராம். யாரும் பேசவில்லை. கடைசியில் அந்தப் பொறியாளரின் மகளே, 'அது என் அப்பா செய்தது' என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவர்கள் பக்கம் ஒரு பேச்சும் இல்லை என்று பிறகு மகள் சொன்னாள். அன்று அணி கடைசியிலிருந்து மூன்றாவது.

மறுவாரம் பிள்ளைகளே ஒரு விதி எழுதி ஷெட் கதவில் ஒட்டினார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் கேள்வி கேட்கலாம், டீ போடலாம், ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கூடாது. அந்த அப்பாவைப் பாராட்ட வேண்டும். அதை முதலில் படித்துச் சிரித்தவர் அவர். அதற்குப் பிறகு அவர் பையில் கையை விட்டுக்கொண்டு நின்று, 'அது ஏன் சாய்கிறது என்று நினைக்கிறாய்?' என்று மட்டும் கேட்பார். அப்படிக் கேட்டுவிட்டு நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரியும்.

தூக்கியை முழுதாகக் கழற்றிவிட்டார்கள். இதற்குக் காரணம் என் பேத்தி போட்ட ஒரு கணக்கு. பி.காம். தாத்தாவுக்குக் கொஞ்சம் பெருமை. பலகையில் ஒரு பிக்சல் வைத்தால் 3 புள்ளி. வண்ணம் பார்த்து மூன்று மூன்றாக அமைத்தால் கூடுதல் உண்டு, ஆனால் அது பெரிய அணிகளின் வேலை. காகித விமானம் முதல் வளையத்தில் விழுந்தால் 30 புள்ளி. கம்பியில் தொங்கினால் 20. ஆக மொத்தம் 50. அந்த 50-ஐ பிக்சலில் எடுக்க 17 பிக்சல் வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு பிக்சலுக்கு மேல் வைத்திருக்க விதி அனுமதிக்காது. ஒன்பது நடை. இவர்கள் ரோபோவுக்கு ஒரு நடைக்கு 30 வினாடி ஆகும். இரண்டு நிமிடத்தில் நான்கு நடைதான். அப்படியிருக்க ஏன் மூன்று மாதம் தூக்கியோடு போராடினோம் என்று கேட்டாள். அதற்கும் ஒருவரிடமும் பதில் இல்லை.

ஜனவரி முழுக்க இரண்டே வேலை. பறக்கவிடுவது, தொங்குவது. ஒரே ஒரு தாளில் மடித்த விமானம், ரப்பர் பேண்டால் ஏவுவது. இதற்கும் நோட்டு வந்தது. எந்த மடிப்பு, எந்தச் சாய்வு, எங்கே விழுந்தது. ஒரே ரப்பர் பேண்டைத் திரும்பத் திரும்ப இழுத்தால் அது தளர்ந்து தூரம் குறைகிறது என்று ஐம்பதாவது வரியில் கண்டுபிடித்தார்கள். வவுச்சர் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டே வாழ்க்கையைக் கழித்த எனக்கு அது புதிய செய்தி இல்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கதவில் விதி இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புது ரப்பர் பேண்ட் என்று முடிவானது.

இன்னொரு வழக்கமும் வந்தது. சக்கரத்தை மோட்டார் தண்டோடு பிடித்து வைக்கும் சின்னத் திருகு ஓட்டத்தின் அதிர்வில் தளரும். கம்பி இணைப்பு பிடுங்கிக்கொள்ளும். ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் எல்லாத் திருகையும் முடுக்குவார், இன்னொருவர் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நம் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு பேர் சாவி மாதிரி. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு சக்கரம் கழன்று விழுந்த பிறகு அவர்களுக்கே தோன்றியது.

போட்டி நடக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.ஐ.டி.யில் உட்டி ஃபிளவர்ஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2019-இல் காலமானார். கடுமையாகப் போட்டியிடு, ஆனால் எதிராளியை மரியாதையோடு நடத்து என்ற பழக்கத்தை இந்தப் போட்டிகளில் ஊன்றியவர் அவர். பேச்சுக்குச் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஜனவரிப் போட்டியில் எங்கள் சர்வோ மோட்டார் ஒன்று எரிந்துபோனது. ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இந்த அணிக்கு ஒரு சர்வோ வேண்டுமாம். ஐந்து நிமிடத்தில் மூன்று அணிகளிலிருந்து பிள்ளைகள் கையில் சர்வோவோடு நின்றார்கள். அதில் ஓர் அணி அடுத்த ஆட்டத்தில் எங்களுக்கு எதிரணி. இது வெறும் நல்ல மனசு மட்டும் இல்லை என்பது கணக்குப் பார்க்கும் எனக்குப் புரிந்தது. இந்த ஆட்டத்தில் எதிரில் நிற்பவன் அடுத்த ஆட்டத்தில் உன் கூட்டாளி. குலுக்கலில் யார் வருவார் என்று தெரியாது. அவன் ரோபோ ஓடாவிட்டால் உனக்கும் நஷ்டம். நல்ல குணத்தை விதிக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அந்த ஜனவரிப் போட்டியில் அணி பட்டியலின் நடுவில் வந்தது. மேலே இருந்த ஓர் அணி இறுதிச் சுற்றுக்குக் கூட்டாளியாக இவர்களைத் தேர்ந்தெடுத்தது. ஏன் என்று பேத்தி போய்க் கேட்டாள். 'உங்கள் விமானம் ஒரு தடவைகூடத் தவறவில்லை, நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்' என்றார்களாம். அரையிறுதியில் தோற்றார்கள். கப் இல்லை. பிப்ரவரி கடைசியில் நான் ஊர் திரும்பினேன்.

சரி, நம் பி பிளாக் அறைக்கு வருகிறேன்.

முதலில் பணம். அமெரிக்காவில் அவர்கள் வாங்கிய கட்டுப்பாட்டுக் கருவியும் ஓட்டுபவர் கைக்கருவியுமே 600 டாலரை நெருங்கின. அந்தப் போட்டி இந்தியாவிலும் நடக்கிறது என்றாலும் நாம் அங்கே தொடங்க வேண்டியதில்லை. ஓர் ஆர்டுயினோ போர்டு, நான்கு சின்ன மோட்டார், சக்கரம், பேட்டரி, கம்பி. ரிச்சி தெருவில் அலைந்தால் சில ஆயிரங்களில் முதல் வண்டி ஓடும். 60,000 முழுவதையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பத்தாயிரம் கொடுங்கள். பில்லோடு கணக்குக் காட்டினால் அடுத்த பத்தாயிரம். கணக்கைப் பிள்ளைகளே எழுதட்டும். தணிக்கை செய்ய நான் தயார், சும்மா கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை நான்.

இரண்டாவது, பயிற்சி நிறுவனம். வாரம் இரண்டு வகுப்பு, மாதம் இவ்வளவு என்று நோட்டீஸோடு ஒருவர் வந்து செயலாளரைப் பார்த்திருக்கிறார். அவர்கள் கொண்டுவரும் பெட்டியில் எல்லாம் அளவாக இருக்கும். படம் பார்த்து மாட்டினால் ஒரு மணி நேரத்தில் வண்டி கறுப்புக் கோட்டின் மேல் ஓடும். வீடியோ எடுக்கலாம். பிறகு பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் மேலே சொன்ன எதுவும் அந்தப் பெட்டியில் நடக்காது. அதில் எதுவும் பழுதாவதில்லை.

மார்க் பற்றிக் கேட்டீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வு வருடத்தில் பொறுப்பு ஏற்க வேண்டாம், வந்து போகட்டும். மற்றவர்களுக்கு வாரம் இரண்டு நாள், ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டு. எடிசனில் என் மகளும் இதே சண்டையைப் போட்டாள், இதே முடிவுக்கு வந்தாள். மதிப்பெண் கூடியது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குறையவில்லை.

இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார்கள் என்று எழுதியவருக்கு: சிலர் விடுவார்கள். 11 பேரில் ஆறேழு பேர் நின்றால் நல்ல கணக்கு. ஆனால் விட்டுப் போகிறவன் ஏன் போகிறான் என்று மற்றவர்கள் ஒருமுறை போய்க் கேட்க வேண்டும். அதை நாம் அவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கலாம்.

ஏ பிளாக்கில் தீ பயத்தைப் பற்றிக் கேட்டார்கள். சரியான கேள்வி. பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் விடக் கூடாது. ஆள் இருக்கும்போது மட்டும், சிமெண்ட் தரையில், பக்கத்தில் காகிதம், துணி இல்லாமல். அறையில் தீயணைப்பான் ஒன்று மாட்ட வேண்டும், அது எப்படியும் நாம் மாட்டியிருக்க வேண்டியது. வெட்டும்போதும் துளை போடும்போதும் கண்ணாடி கட்டாயம். போட்டி நடக்கும் இடங்களிலேயே கண்ணாடி இல்லாமல் ரோபோ மேஜை அருகே விட மாட்டார்கள்.

எஞ்சினியர் சார்களுக்கும் மேடம்களுக்கும் ஒரு வேண்டுகோள். கதவில் ஒட்ட அந்த விதியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அறை கிடைத்தால் முதல் நாளே ஒட்டிவிடுவேன். டீக்குத் தடை இல்லை.

அறையைக் காலி செய்யும் வேலை அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். பொதுக்குழு என்ன முடிவு எடுத்தாலும் சுத்தம் செய்து தருகிறோம் என்கிறார்கள். அங்கே நிற்கும் சைக்கிள், சிவப்பு, பின்சக்கரத்தில் காற்று இல்லை, யாருடையதாவது என்றால் தயவுசெய்து சனிக்கிழமைக்குள் செக்யூரிட்டியிடம் சொல்லிவிடுங்கள்.